கடலைக் கேட்டு டிக்கெட் போடுங்கள்!

மாலத்தீவின் பா அட்டோல் என்ற பவள வளையத்தில் ஹனிஃபாரு என்றொரு சின்ன வளைகுடா இருக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில், ஓதம் ஏறும்போது மிதவை உயிரிகள் அதற்குள் வந்து சிக்கிக்கொள்ளும். அவற்றைத் தின்ன மான்டா திருக்கைகள் கூட்டம் கூட்டமாக வந்து சேரும். மூன்று நான்கு மீட்டர் அகல உடம்பை வளைத்து, வாயைத் திறந்தபடி ஒன்றன்பின் ஒன்றாக வட்டமிடும். இந்தக் காட்சிக்காகவே உலகெங்கிலுமிருந்து டைவர்கள் பறந்து வருகிறார்கள். தீவில் இறங்கிய பிறகுதான் சிலருக்குச் செய்தி தெரிகிறது: ஹனிஃபாருவில் 2012 முதல் ஸ்கூபாவுக்குத் தடை. சிலிண்டர் கட்டிக்கொண்டு இறங்க முடியாது. மாஸ்க், ஸ்நார்கெல், ஃபின்ஸ் மட்டும்தான். உரிமம் பெற்ற வழிகாட்டி கூடவே வரவேண்டும். தண்ணீரில் 45 நிமிடம்தான் இருக்கலாம். பிப்ரவரியில் தேனிலவுக்குப் போனவர்களுக்கோ அதுவும் இல்லை. மான்டாக்கள் அங்கே கூடுவது மே மாதத்துக்குப் பிறகு.

வெளிநாட்டு ஸ்கூபா பயணங்கள் பெரும்பாலும் இப்படித் தலைகீழாகத்தான் தொடங்குகின்றன. ஆஃபரில் டிக்கெட் கிடைக்கிறது. அதற்கேற்ப லீவு போடுகிறார்கள். போட்டோவைப் பார்த்து ஹோட்டலைப் பிடிக்கிறார்கள். ‘டைவிங்கை அங்கே போய்ப் பார்த்துக்கலாம்’ என்று விட்டுவிடுகிறார்கள். மலைக்கோ நகரத்துக்கோ போவதானால் இந்த வரிசையால் பெரிய நஷ்டம் வராது. கடலுக்கடியில் போக இது உதவாது. எந்த மாதம் எந்தக் கடல் தெளியும்? கையிலிருக்கும் சான்றிதழ் எத்தனை மீட்டர் வரை இறங்க விடும்? கடைசி டைவுக்கும் திரும்பும் விமானத்துக்கும் நடுவே எத்தனை மணி நேரம்? இந்த மூன்றுக்கும் விடை தெரிந்த பிறகுதான் டிக்கெட் வாங்க வேண்டும்.

முதலில் சான்றிதழ்

பாடி, எஸ்எஸ்ஐ போன்ற சர்வதேசப் பயிற்சி அமைப்புகள் தரும் ‘ஓப்பன் வாட்டர் டைவர்’ சான்றிதழ்தான் முதல் படி. அதை வைத்திருப்பவர் இன்னொரு டைவரோடு சேர்ந்து 18 மீட்டர் வரை இறங்கலாம். அடுத்தது ‘அட்வான்ஸ்டு’, அதற்கு 30 மீட்டர். பொழுதுபோக்கு டைவிங்கின் கடைசி எல்லை 40 மீட்டர். எந்தச் சான்றிதழும் இல்லாதவர்கள் பயிற்றுநரின் நேரடிக் கண்காணிப்பில், 12 மீட்டருக்குள், முன்னோட்டமாக ஒரு டைவ் செய்து பார்க்கலாம். பிள்ளைகள் 10 வயதிலிருந்தே ஜூனியர் சான்றிதழ் வாங்கலாம். 10, 11 வயதில் அவர்களுக்கும் எல்லை 12 மீட்டர்தான்.

இந்த எண்கள் வெறும் சம்பிரதாயம் அல்ல. மட்டக்களப்புக்கு அப்பால் உள்ள கடலை எடுத்துக்கொள்ளுங்கள். 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் குண்டுவீசி மூழ்கடித்த ஹெர்மீஸ் என்ற பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பல் அங்கே கிடக்கிறது. மூழ்கிய போர்க்கப்பல்களைத் தேடிப் போகும் டைவர்களின் பட்டியலில் அதற்கு எப்போதும் இடம் உண்டு. ஆனால் அது கிடப்பது 50 மீட்டருக்கும் கீழே. சாதாரணச் சான்றிதழ்க்காரர் 40 மீட்டரோடு நின்றுவிட வேண்டியவர். ஹெர்மீஸைத் தொட வேண்டுமானால் ‘டெக்னிக்கல் டைவிங்’ படித்திருக்க வேண்டும். கூடுதல் சிலிண்டர், தனி வாயுக் கலவை, இடையிடையே நின்று நின்று மேலேறும் பயிற்சி எல்லாம் வேண்டும். இது தெரியாமல் ஹெர்மீஸ் என்ற பெயரை நம்பி மட்டக்களப்புக்கு டிக்கெட் போடுகிறவர், கரையோரத்துச் சின்னச் சிதைவுகளோடு திரும்ப வேண்டியதுதான்.

பாலியின் துலாம்பென் கிராமத்தில் நிலைமை நேர்மாறு. லிபர்ட்டி என்ற அமெரிக்கச் சரக்குக் கப்பலும் அதே 1942ல்தான் அடிபட்டது. ஜனவரியில் ஜப்பானிய நீர்மூழ்கி அதன்மீது டார்பிடோ ஏவியது. கரைக்கு இழுத்து வந்து போட்டிருந்த கப்பலை 1963ல் அகுங் எரிமலையின் சீற்றம் கடலுக்குள் தள்ளிவிட்டது. இப்போது அது கரையிலிருந்தே நடந்து இறங்கிப் பார்க்கிற தூரத்தில், ஆழமில்லாத நீரில் தொடங்கி 30 மீட்டர் வரை சாய்ந்து கிடக்கிறது. நேற்றுச் சான்றிதழ் வாங்கியவரும் அதன் மேல்பகுதியை ஆசைதீரப் பார்த்துவிட்டு வரலாம்.

படிப்பை எங்கே முடிப்பது என்பதிலும் கணக்கு இருக்கிறது. ஓப்பன் வாட்டர் படிப்புக்குப் பாடம், நீச்சல்குளப் பயிற்சி, கடலில் நான்கு டைவ் என்று மூன்று நான்கு நாள் பிடிக்கும். ஒரு வார லீவில் மாலத்தீவு போய், பாதி நாளை வகுப்பறையில் கழிப்பது காசுக்குக் கேடு. புதுச்சேரி, அந்தமானின் ஸ்வராஜ் த்வீப், கர்நாடகத்தில் முருதேஸ்வருக்கு எதிரே உள்ள நேத்ராணி என்று நம் நாட்டிலேயே படிக்க இடங்கள் உண்டு. பாடத்தையும் குளப் பயிற்சியையும் மட்டும் ஊரில் முடித்து, அதற்கான கடிதத்தோடு போய், நான்கு கடல் டைவை வெளிநாட்டில் செய்துகொள்ளும் வழியும் இருக்கிறது. நேரம் குறைவாக உள்ளவர்களுக்கு அது நல்ல ஏற்பாடு. சான்றிதழ் வாங்கி ஓராண்டுக்குமேல் தண்ணீரில் இறங்காதவர்களும் புறப்படுவதற்கு முன்பே ஒரு மீள்பயிற்சி எடுத்துக்கொள்வது நல்லது. டைவுகளைப் பதிந்துவைக்கும் லாக்புக்கைத் தூசி தட்டி எடுத்துவையுங்கள். நல்ல டைவ் சென்டர்கள் கடைசி டைவ் எப்போது என்றுதான் முதலில் கேட்கும்.

மாதத்தைப் பார்த்து நாட்டைத் தேர்ந்தெடுங்கள்

ஏப்ரல், மே பள்ளி விடுமுறையில்தான் போக முடியும் என்றால், அந்த மாதத்தில் எந்தக் கடல் திறந்திருக்கும் என்று பார்க்க வேண்டும். நாட்டை முதலில் முடிவுசெய்துவிட்டு மாதத்தோடு மல்லுக்கட்டக் கூடாது.

இலங்கை இதற்குக் கைக்கெட்டும் உதாரணம். ஒரே தீவு, இரண்டு கடல். திருகோணமலை, நிலாவெளி, மட்டக்களப்பு என்று கிழக்குக் கரை தெளிவது ஏறத்தாழ ஏப்ரல், மே முதல் செப்டம்பர் வரை. நிலாவெளிக்கு எதிரே உள்ள புறாத் தீவின் பவளப்பாறைகளையும் கரும்முனைச் சுறாக்களையும் பார்க்க அதுதான் காலம். ஹிக்கடுவை, உனவட்டுன, கொழும்புக்கு அப்பால் உள்ள கப்பல் சிதைவுகள் என்று மேற்கும் தெற்கும் தெளிவது நவம்பர் முதல் ஏப்ரல் வரை. டிசம்பரில் திருகோணமலைக்குப் போனால் மழையையும் கலங்கிய கடலையும்தான் பார்க்க முடியும்.

தாய்லாந்திலும் இதே கதை. அந்தமான் கடல் பக்கமுள்ள சிமிலன் தீவுகளை மே நடுவிலிருந்து அக்டோபர் நடுவரை அரசே மூடிவிடுகிறது. அந்த மாதங்களில் எதிர்ப்பக்கத்து வளைகுடாவில் இருக்கும் கோ தாவ் தீவில் டைவிங் நடந்துகொண்டிருக்கும். மலேசியாவின் சிபடானுக்குக் காலத்தைவிட அனுமதிதான் பிரச்சினை. நாள்தோறும் குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மட்டுமே சீட்டு தருவார்கள். தீவில் தங்கவும் முடியாது, ரிசார்ட்டுகள் 2004லேயே அகற்றப்பட்டுவிட்டன. சீட்டு உறுதியான தேதியைச் சுற்றித்தான் மற்ற ஏற்பாடுகளைச் செய்ய வேண்டும்.

அருகிலிருக்கும் மாலத்தீவு

திருவனந்தபுரத்திலிருந்து மாலே சுமார் 600 கிலோமீட்டர்தான். சென்னையிலிருந்து கன்னியாகுமரி அதைவிடத் தூரம். இந்தியர்களுக்கு அங்கே இறங்கியதும் விசா கட்டணமில்லாமல் கிடைக்கும். பயணத்துக்கு முந்தைய 96 மணி நேரத்துக்குள் ‘இமுகா’ என்ற அரசுத் தளத்தில் படிவம் நிரப்ப வேண்டும். அதற்கும் கட்டணம் கிடையாது. யாராவது பணம் கேட்டால் அது அரசுத் தளம் அல்ல என்று புரிந்துகொள்ளலாம்.

வடக்கிலிருந்து தெற்காக 800 கிலோமீட்டருக்குமேல் நீளும் இந்த நாட்டில் 26 பவள வளையங்கள், சுமார் 1,190 தீவுகள். ‘மாலத்தீவுக்கு டைவிங் போறோம்’ என்பது முழுமையான திட்டமாகாது. எந்த அட்டோலுக்கு என்று சொல்ல வேண்டும். டிசம்பர் முதல் ஏப்ரல் வரை வடகிழக்குக் காற்றின் காலத்தில் கடல் அமைதி, தண்ணீர் தெளிவு. அப்போது நீரோட்டம் கிழக்கிலிருந்து மேற்காகப் போகும். சுறாக்களைப் பார்க்க விரும்புகிறவர்கள் கிழக்குப் பக்கத்து வாய்க்கால்களை நாடுவார்கள். மே முதல் நவம்பர் வரை மழையும் அலையும் உண்டு, பார்வைத் தூரம் குறையும். ஆனால் மிதவை உயிரிகள் பெருகும் காலமும் அதுதான் என்பதால் பா அட்டோலில் மான்டா கூட்டத்தை அப்போதுதான் பார்க்க முடியும். மாதம் எதுவானாலும் திமிங்கலச் சுறாவைத் தேடிப் போவதென்றால் தெற்கு ஆரி அட்டோல். அங்கே ஆண்டு முழுவதும் அது நடமாடுகிறது. திகுரா தீவில் தங்கினால் படகில் கிட்டத்தில் போய்விடலாம். நிலநடுக்கோட்டுக்குச் சற்றே தெற்கே தனித்துக் கிடக்கும் ஃபுவாமுலாவில் புலிச் சுறாக்கள் உண்டு. மீன் தலைகளைப் போட்டு அவற்றை வரவழைக்கிறார்கள். புதிதாகச் சான்றிதழ் வாங்கியவர் ஆர்வத்தில் முதல் பயணத்துக்கே ஃபுவாமுலாவைத் தேர்ந்தெடுக்கக் கூடாது. ஆழக்கடலும் நீரோட்டமும் பெரிய விலங்கும் ஒரே நேரத்தில் சேர்ந்து வரும் இடம் அது.

தங்குவதற்கு மூன்று வழி. ஒரு தீவு முழுவதையும் தனக்கே வைத்திருக்கும் ரிசார்ட். மக்கள் வாழும் தீவில் விருந்தினர் இல்லம். டைவர்கள் ‘லைவ்அபோர்டு’ என்று சொல்லும் தங்கும் படகு. 2010ஐ ஒட்டி உள்ளூர்த் தீவுகளில் விருந்தினர் இல்லங்கள் வரத் தொடங்கிய பிறகுதான் மாலத்தீவு நடுத்தரக் குடும்பங்களின் கைக்கு வந்தது. மாஃபுஷி, திகுரா, தரவந்தூ போன்ற தீவுகளில் அறை வாடகை ரிசார்ட்டின் சிறு பங்குதான். அங்கே மது கிடையாது. தெருவில் அடக்கமான உடை வேண்டும். நீச்சலுடைக்குத் தனிக் கடற்கரை ஒதுக்கியிருப்பார்கள். வெள்ளிக்கிழமை அரசுப் படகுகள் ஓடா. ஊரே சூரை மீனில் வாழ்வதால் சைவர்கள் முன்கூட்டியே சொல்லிவைப்பது நலம். நம் பக்கம் வரும் மாசிக்கருவாட்டின் தாய்வீடு மாலத்தீவுதான். அது விழாத குழம்பை அங்கே தேடிப் பிடிக்க வேண்டும்.

விலைப் பட்டியலில் கவனம் வேண்டிய இடங்கள் சில. 2025 ஜனவரி முதல் பசுமை வரி ரிசார்ட்டில் ஆளுக்கு ஓர் இரவுக்கு 12 டாலர், சிறிய விருந்தினர் இல்லத்தில் 6 டாலர். தம்பதி ஆறு இரவு தங்கினால் ஒன்றில் 144 டாலர், மற்றதில் 72. சுற்றுலா ஜிஎஸ்டி 2025 ஜூலை முதல் 17 சதவீதம். அதன்மேல் 10 சதவீதம் சேவைக் கட்டணம் போடுவது வழக்கம். விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி இருந்தால் இவை இரண்டும் சேர்க்கப்படவில்லை என்று பொருள். டைவ் கட்டணத்திலும் படகு, கருவி வாடகை, ஆக்சிஜன் கூடுதலாக உள்ள நைட்ராக்ஸ் காற்று ஆகியவை அடங்குமா, தனியா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இந்தியாவில் டிராவல் ஏஜென்ட்டிடம் பேக்கேஜாக எடுத்தால் டிசிஎஸ் என்ற முன்வரி பிடிப்பார்கள். அது வருமான வரிக் கணக்கில் திரும்பக் கேட்கக்கூடிய பணம், ரசீதைத் தொலைக்காதீர்கள்.

கடைசி டைவிலிருந்து பின்னோக்கிக் கணக்கு

திட்டமிடுதலில் மிக அதிகம் சறுக்குவது இங்கேதான். காரணம் எளிய இயற்பியல். ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்துக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. 30 மீட்டரில் உடம்பைச் சுற்றி நான்கு மடங்கு அழுத்தம். மூச்சில் போகும் காற்றும் நான்கு மடங்கு செறிவு. அந்தக் காற்றிலுள்ள நைட்ரஜன் ரத்தத்திலும் திசுக்களிலும் கரைந்துவிடும். மெதுவாக மேலே வந்தால் மூச்சோடு வெளியேறும். சட்டென்று அழுத்தம் குறைந்தால் உடம்புக்குள்ளேயே குமிழியாகும். மூட்டு வலி, தோல் தடிப்பில் தொடங்கி முதுகுத்தண்டு பாதித்துக் கால் செயலிழப்பது வரை போகும் இந்த நோய்க்கு அழுத்தத் தளர்வு நோய் என்று பெயர். டைவர்கள் பேச்சில் ‘பெண்ட்ஸ்’. அதனால்தான் நிமிடத்துக்கு 9 மீட்டருக்குமேல் வேகமாக ஏறக் கூடாது, 5 மீட்டரில் மூன்று நிமிடம் நின்று வர வேண்டும் என்றெல்லாம் சொல்லித் தருகிறார்கள்.

மேலே வந்த பிறகும் நைட்ரஜன் பல மணி நேரம் உடம்பில் இருக்கும். விமானம் பறக்கும்போது உள்ளே இருக்கும் காற்றழுத்தம் 1,800 முதல் 2,400 மீட்டர் உயர மலையில் இருப்பதற்குச் சமம். அந்த நேரத்தில் குமிழிகள் கிளம்பலாம். 1980ல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க், சுருக்கமாக ‘டான்’, தரும் வழிகாட்டல் தெளிவானது: ஒரே ஒரு டைவ் செய்திருந்தால் விமானம் ஏறக் குறைந்தது 12 மணி நேரம் இடைவெளி, பல நாள், பல டைவ் என்றால் 18 மணி நேரம். பல டைவ் சென்டர்கள் இன்னும் எச்சரிக்கையாக 24 மணி நேரம் என்றே வைத்திருக்கின்றன. முதல் பயணம் போகிறவர்கள் அந்த 24ஐயே எடுத்துக்கொள்வது நல்லது.

மாலத்தீவில் இந்தக் கணக்கு இன்னும் இறுக்கமாகிறது. மாலேயிலிருந்து ஊருக்குப் பறக்கும் நேரத்தை வைத்துத்தான் பலர் எண்ணுகிறார்கள். ஃபுவாமுலாவிலிருந்து மாலேக்கு உள்நாட்டு விமானம் ஏறினால், அதுவே முதல் விமானம். கடிகாரம் அதற்குத்தான் ஓட வேண்டும். கடல் விமானத்துக்கும் இதே விதி பொருந்தும். சனிக்கிழமை பிற்பகல் 2 மணிக்கு மாலேயிலிருந்து விமானம், காலை 8 மணிக்குக் கடல் விமானம் என்றால், வெள்ளிக்கிழமை காலை 8 மணிக்கே கடைசி டைவ் முடிந்திருக்க வேண்டும். ஸ்பீடுபோட்டில் மாலே வர முடிகிற தீவானால் வெள்ளி காலை இன்னொரு டைவ் கிடைத்திருக்கும். அட்டோலைத் தேர்ந்தெடுக்கும்போதே இதைப் பார்க்க வேண்டும். கடல் விமானங்கள் பகலில் மட்டுமே பறக்கும் என்பதும் நினைவில் இருக்கட்டும். மாலேயில் மாலை இறங்குகிறவர்கள் அன்றிரவு பக்கத்திலுள்ள ஹுல்ஹுமாலேயில் தங்கித்தான் ஆக வேண்டும். அந்த வாடகையும் பட்ஜெட்டில் சேரும்.

ஆக ஏழு நாள் லீவில் முழுதாக டைவ் செய்யக் கிடைப்பது நாலரை நாள். முதல் நாள் பயணக் களைப்பில் தண்ணீரில் இறங்க வேண்டாம். இரண்டாம் நாள் ஆழமில்லாத இடத்தில் ஒரு சோதனை டைவ். மூன்று, நான்கு, ஐந்தாம் நாட்களில் இரண்டிரண்டு. ஆறாம் நாள் காலை ஒன்று. மிச்ச நேரம் உடம்பு காய வேண்டிய நேரம். ஊர் சுற்றலாம், உறங்கலாம்.

மலைக்கும் இதே விதி என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். இலங்கையில் காலையில் டைவ் முடித்து, மாலையில் காரில் நுவரெலியா போகிற சுற்றுலாத் திட்டங்கள் உண்டு. நுவரெலியா 1,868 மீட்டர் உயரம். உடம்புக்கு அது விமானம் ஏறியதற்குச் சமம். பாலியில் டைவ் செய்துவிட்டு அதே இரவு எரிமலை ஏறப் புறப்படுவதும் அப்படித்தான். மலையை முதலில் வையுங்கள், கடலைப் பின்னால் வையுங்கள். கடலுக்குப் பிறகு கீழேயே ஒரு நாள் இருங்கள்.

படிவத்தில் ஒரு ‘ஆம்’

டைவ் சென்டரில் சேரும்போது மருத்துவக் கேள்விப் படிவம் ஒன்றைத் தருவார்கள். ஆஸ்துமா, இதய நோய், வலிப்பு, காது அறுவை, நுரையீரல் பாதிப்பு, தொடர்ந்து சாப்பிடும் மாத்திரை என்று நீளும் அந்தப் பட்டியலில் சில கேள்விகளுக்கு ‘ஆம்’ என்று பதில் வந்தாலே மருத்துவர் கையெழுத்து வேண்டும். தீவில் அதற்கு டாக்டரைத் தேடி அலைய முடியாது. கையெழுத்து இல்லாமல் தண்ணீரில் இறக்கவும் மாட்டார்கள். ‘எல்லாவற்றுக்கும் இல்லைன்னு போட்டுருங்க’ என்று பக்கத்திலிருப்பவர் சொல்லும் ஆலோசனை உயிரோடு விளையாடுவது. டைவிங் மரணங்களில் இதயக் கோளாறுக்குப் பெரும்பங்கு இருப்பதாக டான் அமைப்பின் அறிக்கைகள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. 45 வயதைத் தாண்டியவர், சர்க்கரையோ ரத்த அழுத்தமோ உள்ளவர் புறப்படுவதற்கு இரண்டு மாதம் முன்பே படிவத்தோடு டாக்டரைப் பார்க்க வேண்டும். கர்ப்பிணிகள் டைவ் செய்யவே கூடாது. சளி பிடித்திருந்தால் காதில் அழுத்தம் சமனாகாது. அன்று கரையில் இருப்பதுதான் முறை.

காப்பீட்டில் சிறிய எழுத்துகளைப் படிக்க வேண்டும். பல பயணக் காப்பீடுகள் சாகச விளையாட்டுகளை வெளியே தள்ளியிருக்கும். சிலவற்றில் ஸ்கூபா இருந்தாலும் ஆழ வரம்பு, பயிற்றுநர் கூட இருக்க வேண்டும் என்ற நிபந்தனை, குறைந்த உச்சவரம்பு என்று ஏதாவது ஒன்று மறைந்திருக்கும். பெண்ட்ஸ் வந்தால் தரப்படும் அழுத்த அறைச் சிகிச்சையும், நோயாளியை அந்த அறை இருக்கும் இடத்துக்குக் கொண்டுபோகும் செலவும் அடங்குமா என்று நேரடியாகக் கேளுங்கள்; பதிலை மின்னஞ்சலில் வாங்கிவையுங்கள். இல்லையென்றால் டைவர்களுக்கென்றே உள்ள தனிக் காப்பீட்டை எடுப்பதுதான் வழி. மாலத்தீவில் பொழுதுபோக்கு டைவுக்குச் சட்ட வரம்பு 30 மீட்டர். அதைத் தாண்டிப் போய் விபத்தானால் எந்தக் காப்பீட்டு நிறுவனமும் எளிதில் பணம் தராது.

படகுக்காரரிடம் கேட்க வேண்டியவை

2019 செப்டம்பர் 2 அதிகாலை, கலிஃபோர்னியக் கடலில் ‘கன்செப்ஷன்’ என்ற டைவ் படகு தீப்பிடித்தது. கீழ்த்தளத்தில் தூங்கிக்கொண்டிருந்த 34 பேர் இறந்தார்கள். இரவில் விழித்துச் சுற்றிவர ஆள் போடவில்லை என்பதை விசாரணை கண்டுபிடித்தது. கேப்டனுக்கு 2024ல் நான்கு ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது. 2024 நவம்பரில் எகிப்தின் செங்கடலில் ‘சீ ஸ்டோரி’ என்ற தங்கும் படகு கவிழ்ந்து உயிர்கள் போயின. 1998 ஜனவரியில் ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டில் ஓர் அமெரிக்கத் தம்பதியைக் கடலிலேயே விட்டுவிட்டுப் படகு கரை திரும்பியது. தலை எண்ணியதில் தவறு. அவர்களைக் காணவில்லை என்று தெரியவே இரண்டு நாளானது. அவர்கள் கிடைக்கவே இல்லை.

இவை பயமுறுத்தச் சொல்லப்படுபவை அல்ல. எந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும் என்பதை இந்த விபத்துகளே சொல்லித் தருகின்றன. இரவில் விழித்திருப்பது யார்? கீழ்த்தளத்திலிருந்து வெளியேற எத்தனை வழி? கேமரா, டார்ச் பேட்டரிகளை எங்கே சார்ஜ் போடுகிறார்கள், யாராவது பக்கத்தில் இருக்கிறார்களா? தண்ணீரிலிருந்து ஏறியவர்களைப் பெயர் சொல்லி எண்ணுகிறார்களா? படகில் ஆக்சிஜன் சிலிண்டர் இருக்கிறதா, அதைக் கொடுக்கத் தெரிந்தவர் யார்? ஒரு வழிகாட்டிக்கு எத்தனை டைவர்கள்? அருகிலிருக்கும் அழுத்த அறை எங்கே, எவ்வளவு நேரப் பயணம்? இவற்றுக்குப் பொறுமையாகப் பதில் எழுதும் நிறுவனத்துக்கு முன்பணம் அனுப்பலாம். ‘வாங்க பாஸ், பாத்துக்கலாம்’ என்கிறவரை விட்டுவிடலாம், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும்.

புதியவர்கள் தங்கும் படகை இரண்டாவது, மூன்றாவது பயணத்துக்கு வைத்துக்கொள்வதே சரி. மாலத்தீவுப் படகுகள் வாய்க்கால்களின் நீரோட்டத்தில்தான் பெரும்பாலும் டைவர்களை இறக்குகின்றன. நம் மீனவர்கள் நீவாடு என்று சொல்லும் அந்த ஓட்டம் ஆளை அடித்துக்கொண்டு போகும். இதனால்தான் பல படகுகள் அட்வான்ஸ்டு சான்றிதழும், லாக்புக்கில் சில பத்து டைவுகளும் கேட்கின்றன. ஓட்டத்தில் பிரிந்துபோனால் மேலே வந்து ஊதி நிமிர்த்தும் ஆரஞ்சு நிற மிதவைக் குழாயைப் படகுக்காரர் தருவார் என்று நம்பாமல் சொந்தமாக ஒன்று வாங்கிவைத்துக்கொள்ளுங்கள். ஊரிலேயே பயிற்றுநரிடம் விரித்துப் பழகிக்கொள்ளுங்கள்.

பையில் என்ன?

சொந்தமாக வாங்க வேண்டிய முதல் கருவி மாஸ்க். முகத்துக்குப் பொருந்தாத வாடகை மாஸ்க்கில் தண்ணீர் புகுந்தால் டைவே நாசம்; கண்ணாடி போடுகிறவர்களுக்குப் பவர் லென்ஸ் வைத்த மாஸ்க் கிடைக்கிறது. இரண்டாவது டைவ் கம்ப்யூட்டர். ஆழத்தையும் நைட்ரஜன் கணக்கையும் அது உங்கள் உடம்புக்காகத் தனியாகக் காட்டும். வாடகைக்கு எடுத்தால் நாள்தோறும் அதே கம்ப்யூட்டரை வாங்குங்கள், மாற்றாதீர்கள். மூச்சுக் கருவியான ரெகுலேட்டர், மிதப்பைக் கட்டுப்படுத்தும் பிசிடி எல்லாம் ஆரம்பத்தில் வாடகை போதும். முழு செட்டையும் தூக்கினால் 10 கிலோவைத் தாண்டிவிடும். மாலத்தீவுக் கடல் விமானத்தில் பெட்டிக்கு 20 கிலோ, கைப்பைக்கு 5 கிலோதான். லித்தியம் பேட்டரிகளும் பவர்பேங்க்கும் கைப்பையில்தான் போக வேண்டும். டைவ் டார்ச்சில் பேட்டரியைக் கழற்றித் தனியே வையுங்கள். கத்தி பெட்டிக்குள் போகட்டும். மாலத்தீவுக் கடலின் வெப்பம் 27 முதல் 30 டிகிரி என்பதால் 3 மில்லிமீட்டர் வெட்சூட் போதும். குளிர்காலத்துச் செங்கடலுக்கு அது காணாது.

கேமரா விஷயத்தில் மட்டும் கொஞ்சம் கறாராக இருக்க வேண்டும். 1998லும் 2016லும் கடல் சூடேறி மாலத்தீவின் பவளப்பாறைகள் பெருமளவில் வெளுத்துப்போயின. 2024ல் உலகளவில் நான்காவது வெளுப்பு அறிவிக்கப்பட்டது. ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் மட்டுமே வளரும் உயிர் அது. ஒரு ஃபின் உதை முறித்துப்போடுவது பல ஆண்டு வளர்ச்சியை. புதியவர் கேமராத் திரையைப் பார்க்கும்போது காற்று மானியைப் பார்ப்பதில்லை, கால் எங்கே படுகிறது என்றும் பார்ப்பதில்லை. மேலும் கீழும் அலையாமல் நீரில் நிலையாக மிதக்கக் கற்றுக்கொள்ளும்வரை இரண்டு கையும் காலியாக இருப்பதே அவருக்கும் பவளத்துக்கும் நல்லது. வேண்டிய படங்களைப் பெரும்பாலான டைவ் சென்டர்களில் வழிகாட்டியே எடுத்துக் கொடுப்பார். முதல் வெளிநாட்டு டைவ் பயணத்துக்கு, தயவுசெய்து கேமராவை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள்.